யாரும் கேட்காத ஜோக்

செயின்ட் லூயிஸில் ஹாலோவீன் மாலை மிட்டாய் சும்மா கிடைக்காது. வேஷம் போட்டுக்கொண்டு வாசல் மணியை அடிக்கிற பிள்ளை ஒரு ஜோக் சொல்ல வேண்டும். அப்போதுதான் கிண்ணம் நீளும். மற்ற ஊர்களில் இப்படி இல்லை என்பதே கொரினுக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. சிகாகோக்காரி ஒருத்தி, "எங்க ஊர்ல பையை நீட்டினா போடுவாங்க, அவ்வளவுதான்" என்றாள். கொரினுக்கு அது பிச்சை எடுப்பது மாதிரி பட்டது.

ஜோக் நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று வயதுக் குழந்தைகள் பாதியிலேயே மறந்துபோய் தாங்களே சிரித்துக்கொள்ளும், அதற்கும் மிட்டாய் உண்டு. ஆனால் கொரினின் கணவன் ஜோயல் இந்த விஷயத்தில் கறாரானவன். வருஷத்துக்கு ஒரு புது ஜோக். அவனும் மகள் கிரெட்டாவும் செப்டம்பரிலேயே சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கொரினுக்குக்கூட அனுமதி கிடையாது. ஹாலோவீன் நாளான அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு முன் அந்த ஜோக் வெளியே வரக் கூடாது. பள்ளியில் சொன்னால் மத்தியானத்துக்குள் பரவிவிடும், சாயங்காலம் பத்து சூனியக்காரிகள் அதையே தெருவில் விற்பார்கள் என்பான். தெருக்காரர்களும் கிரெட்டா வருவதற்காகக் காத்திருப்பார்கள். "ஜோயல் வீட்டுச் சரக்கு இன்னும் வரலியா?" என்று ஏழு மணிக்கே விசாரிப்பார்கள்.

ஜோயல் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பழைய கட்டடங்களில் பாதி லிஃப்ட்டுகள் அவன் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. வீட்டில் மட்டும் ஒரு வேலையையும் முடித்தது கிடையாது. கதவு ஒன்று கிரீச்சிட்டால் போதும், கழற்றி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஆராய்வான். பிறகு வேறு ஏதோ நினைவுக்கு வந்து எழுந்து போய்விடுவான். பின்வாசல் கதவின் தாழ்ப்பாள் இன்னும் சமையலறை ஜன்னலோரம், திருகாணிகளோடு ஒரு கிண்ணத்தில் கிடக்கிறது. பிப்ரவரியில் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் மே மாதம் இறந்துபோனான். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை நகர்த்த கொரினுக்குக் கை வரவில்லை. பின்வாசல் கதவை ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துச் சாத்தி வைத்திருந்தாள்.

அக்டோபர் வந்தது. வழக்கத்தை மாற்றாதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கொரின் மாற்றவில்லை. அந்தத் தெருவில் நாலைந்து குடும்பத்தார் அக்டோபர் சனிக்கிழமைகளில் சேர்ந்துதான் கிளம்புவார்கள். முதல் வாரம் ஆற்றைத் தாண்டி இல்லினாய் பக்கம் ஆப்பிள் தோட்டம். இரண்டாம் வாரம் பூசணிக் காடு. மூன்றாம் வாரம் சோளக்காட்டில் வெட்டிவிட்ட புதிர்ப் பாதை. கொரின் கார் ஓட்டினாள், கூடை பிடித்தாள், வைக்கோல் வண்டியில் ஏறினாள், சேற்றில் பூசணிக்காய் தூக்கினாள். ஜோயல் இருந்திருந்தால் தூக்கியிருக்கக்கூடியதைவிடச் சிறிய காய்தான்; ஆனாலும் இரண்டு.

கிரெட்டாவுக்கு ஒன்பது வயது. அந்த மூன்று சனிக்கிழமையும் அவள் புதுப் பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்த அதே தெரு செனாடாவிடம் போய், "மிஸ் செனாடா, ஹைஸ்கூல் எங்க படிச்சீங்க?" என்று கேட்டாள். வைக்கோல் வண்டியில் மூன்றாவது வீட்டு ஃபிராங்க்கிடம் அதையே கேட்டாள். சோளக்காட்டுக்குள் வழி தெரியாமல் எல்லோரும் ஒரே முட்டுச்சந்துக்கு மூன்றாம் தடவை வந்து நின்றபோது, அங்கே மாட்டிக்கொண்ட ஆறு பேரையும் வரிசையாகக் கேட்டாள். பதிலை அப்பாவின் சின்னச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

செயின்ட் லூயிஸில் இது புதுக் கேள்வி அல்ல. இந்த ஊரில் யாரை அறிமுகப்படுத்தினாலும் இரண்டாவது வாக்கியம் அதுதான். பதிலை வைத்து எந்தப் பேட்டை, எந்தக் கோயில், அப்பாவுக்கு என்ன வேலை என்பதெல்லாம் ஊகித்துவிடுவார்கள். அப்புறம், "அப்படின்னா உங்களுக்கு இன்னாரோட தங்கச்சியத் தெரிஞ்சிருக்கணுமே" என்று ஆரம்பித்தால் நிற்காது. ஆனால் அது பெரியவர்களின் வியாதி. ஒன்பது வயதுப் பெண் கேட்டால் சிரிப்பு வருகிறது.

"என்னம்மா கொரின், உம் பொண்ணு எங்களையெல்லாம் கல்யாணத்துக்குப் பாக்குறாளா?" என்றார் ஃபிராங்க்.

"அவ ஏதோ கேக்கறா. பதில் சொல்லிடுங்க, விட்ருவா" என்றாள் கொரின். பேசுகிறாளே, அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

கவலை வேறு இடத்தில் இருந்தது. "இந்த வருஷம் ஜோக் இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

"இருக்கு."

"சொல்லு பாப்போம்."

"சொல்ல மாட்டேன்."

இல்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று கொரின் முடிவு செய்துகொண்டாள். ஜோக் செய்கிறவன் போய்விட்டான், எங்கிருந்து வரும்? நாலாவது சனிக்கிழமை அது உறுதியானது போலவும் ஆயிற்று. பேட்டை நூலகத்தில் குழந்தைகளுக்கான ஜோக் போட்டி. கொரின்தான் பெயர் கொடுத்திருந்தாள். கிரெட்டா மேடை ஏறி மைக் முன்னால் நின்றாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். கூட்டம் காத்திருந்தது. நூலகப் பெண்மணி, "மெதுவா சொல்லு கண்ணு" என்றாள். ஒரு நிமிஷம் முழுதாக அப்படியே நின்றுவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டாள்.

காரில் ஏறியதும் கிரெட்டாவே சொன்னாள். "விடும்மா. பரிசு பூசணிக்காய்தானே. நம்ம வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கு."

கொரின் வளைய வேண்டிய முனையை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளிப் போய்த் திரும்பி வந்தாள். அன்றிரவு மகள் தூங்கிய பிறகு தெருக்காரர்களின் கைபேசிக் குரூப்பில் எழுதினாள்:

"கிரெட்டாவால் இந்த வருஷம் ஜோக் சொல்ல முடியாது. தயவுசெய்து கேட்காதீர்கள். மிட்டாய் மட்டும் போட்டு அனுப்பிவிடுங்கள். அவளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்."

பதினொரு பேர் இதயம் போட்டார்கள். பதினான்கு வீட்டில் பதினொன்று.

முப்பத்தொன்றாம் தேதி ஐந்தரை மணிக்குக் கிரெட்டா மாடியிலிருந்து இறங்கினாள். ஜோயலின் சாம்பல் நிறக் குளியல் அங்கி, தரையில் புரளாமல் இடுப்பில் கயிறு. முகத்தில் பஞ்சுத் தாடி. கக்கத்தில் பழைய டெலிபோன் டைரக்டரி. கையில் ஜோயலின் சாவி வளையம், லிஃப்ட் அறைச் சாவிகள் முப்பது தொங்குவது.

"மந்திரவாதியா?"

"வாசல்காரர்."

"ஓட்டல் வாசல்காரரா?"

"அப்புறம் தெரியும்" என்று தாடியைச் சரிசெய்துகொண்டாள்.

கொரின் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் டாக்டர் ஒரு பெட்டி டூத் பிரஷ் கொடுத்தனுப்புவார், பிள்ளைகளுக்குக் கொடு என்று. "இன்னிக்குப் போய் டூத் பிரஷ் குடுக்கிற வீட்டுக் கதவுல பிள்ளைங்களோட முட்டையடிதான் விழும்" என்று ஜோயல் அந்தப் பெட்டியை அலமாரியில் ஒளித்து வைப்பான். இந்த வருஷப் பெட்டியையும் கொரின் அங்கேயே வைத்தாள். வாசலில் நின்று ஜோக் கேட்டுச் சிரிக்கத் தன்னால் ஆகாது என்று தோன்றியதால், மிட்டாய்க் கிண்ணத்தைப் படியில் வைத்து, 'ஒன்று எடுத்துக்கொள்ளவும்' என்று அட்டை எழுதி வைத்துவிட்டு மகளோடு இறங்கினாள்.

வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. செங்கல் வீடுகளின் வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. பெற்றோர்கள் நடைபாதையில் நிற்பார்கள். பிள்ளைகள் மட்டும் படியேறுவார்கள். அதுதான் முறை. கொரின் செனாடாவின் வீட்டுக்கு எதிரே நின்றாள்.

செனாடா போஸ்னியாவின் துஸ்லா ஊரிலிருந்து போருக்குத் தப்பி வந்தவள். இந்தத் தெருவில் இருபது வருஷமாக இருக்கிறாள். இந்த ஊர்க்காரர்களைவிட ஜோக் விஷயத்தில் கண்டிப்பு. போன வருஷம் ஒரு குட்டிப் பேயைத் திருப்பி அனுப்பி, "போய் வேற யோசிச்சுட்டு வா" என்றவள்.

கிரெட்டா டைரக்டரியைத் திறந்து, தொண்டையைச் செருமினாள். வாயைத் திறப்பதற்குள் செனாடா, "வா என் தங்கமே, வா வா" என்று இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டாள். கன்னத்தைத் தடவினாள். கதவு சாத்திக்கொண்டது.

கிரெட்டா ஒரு கணம் கதவைப் பார்த்தபடி நின்றாள். திரும்பி வந்தாள்.

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்து ஃபிராங்க். அவர் வாசலில் இரும்புத் தொட்டியில் விறகு எரித்து, பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் கறியும் பீன்ஸும் போட்டுச் சில்லி கிண்டிக்கொண்டிருப்பார். போகிற பெற்றோருக்கெல்லாம் ஒரு கோப்பை. கிரெட்டாவுக்கு முன்னால் இரண்டு கடற்கொள்ளைக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"இதெல்லாம் ஜோக்கா? எங்க தாத்தா கப்பல்ல வரும்போது சொன்னதுடா இது!" என்று ஃபிராங்க் கரண்டியை ஆட்டினார். கொள்ளைக்காரர்கள் குதித்துச் சிரித்தார்கள். பிறகு கிரெட்டாவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நீயா கண்ணு. எடுத்துக்கம்மா. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க."

"எங்கிட்ட ஒரு…"

"பரவால்லம்மா, பரவால்ல" என்று பாதிக் கிண்ணத்தைப் பையில் கவிழ்த்தார். கொள்ளைக்காரர்கள் பொறாமையோடு பார்த்தார்கள்.

ஆறாவது வீட்டிலிருந்து இறங்கியபோது பை தரையில் இழுபட்டது. கிரெட்டா அதை நடைபாதையில் வைத்துவிட்டு அம்மாவின் முன்னால் நின்றாள்.

"ஏம்மா யாருமே கேக்க மாட்டேங்கறாங்க?"

கொரினுக்குப் பொய் ஒன்றும் சட்டென்று வரவில்லை. "நான்தான் கேக்க வேண்டாம்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். குரூப்புல எழுதினேன்."

கிரெட்டா தாடியைக் கழுத்துக்கு இறக்கினாள். "எங்கிட்ட கேட்டியா?"

"லைப்ரரில நீ நின்னதைப் பாத்து…"

"லைப்ரரி நம்ம தெருவா? அன்னிக்கு இருபத்தாறாம் தேதி. முப்பத்தொண்ணு ஆறு மணிக்கு முன்னாடி வாயத் திறக்கக் கூடாது. அப்பா ரூல் உனக்குத் தெரியாதா? நீதான் பேர் குடுத்த. வேற ஜோக்கும் எங்கிட்ட இல்ல. நான் என்ன பண்றது?"

கொரின் மெதுவாகக் கேட்டாள். "அப்போ… ஜோக் அப்பாவோடதா?"

"ஏப்ரல்லயே ரெடி. ஆஸ்பத்திரில, நீ காபி வாங்கப் போனப்ப. இந்த வருஷம் சீக்கிரமே முடிச்சுடலாம்னு அப்பாதான் சொன்னார்."

நடைபாதையில் ஒரு டைனோசர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"இப்ப எல்லாரும் என்ன நெனப்பாங்க? கிரெட்டாகிட்ட இந்த வருஷம் சரக்கு இல்லன்னு."

"யாரும் அப்படி நெனைக்க மாட்டாங்கடி. பாவம்னுதான்…"

"அது அதைவிட மோசம்."

கொரின் குனிந்து மகளின் உயரத்துக்கு வந்தாள். "எங்கிட்ட சொல்லேன். நான் கேக்கறேன்."

"நீ வீடு இல்லியே" என்றாள் கிரெட்டா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "வாசல்ல நின்னு கேக்கணும். அதுக்குத்தானே அப்பா செஞ்சார்."

எட்டு மணிக்கு விளக்குகள் அணைந்துவிடும். கொரின் கைபேசியைப் பார்த்தாள், ஆறு ஐம்பது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. குரூப்பில் இல்லாத ஒரு வீடு உண்டு.

"கெஸ்லர்கிட்ட போலாம். அவருக்கு என் மெசேஜ் போயிருக்காது."

தெருக்கோடி வீட்டு கெஸ்லருக்குக் கைபேசி கிடையாது. எண்பது வயதுக்கு மேல். தனி ஆள். அவர் யார் ஜோக்குக்கும் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கேட்டு முடித்துவிட்டு, எங்கே தப்பு என்று சொல்லி, ஒரே ஒரு டாஃபி கொடுப்பார். அவருக்குப் பின்னால் மேஜை மேல் முழு நீளச் சாக்லேட் கட்டி ஒன்று இருக்கும். தன்னைச் சிரிக்க வைக்கிற பிள்ளைக்கு அது. வருஷா வருஷம் புதுசு வாங்கி வைக்கிறார் என்று தெருவில் சொல்வார்கள். அதே கட்டிதான் என்பான் ஜோயல். ஆறு வருஷம் கிரெட்டாவை ஏவிப் பார்த்தும் அவனால் அதை வெல்ல முடியவில்லை.

கெஸ்லர் கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜோயல் பொண்ணுதானே நீ?"

"ஆமா."

"அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். வருத்தம்." அவ்வளவுதான். "சரி, சொல்லு. கால் வலிக்குது, நீட்டாம சொல்லு."

கிரெட்டா தாடியை ஏற்றிக்கொண்டாள். டைரக்டரியைத் திறந்தாள். கொரின் நடைபாதையில் நிற்க வேண்டியவள். இரண்டு படி ஏறி நின்றாள்.

"நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் செத்துப் போயிட்டார்" என்று கிரெட்டா தொடங்கினாள்.

கொரின் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேலே சொர்க்கத்துக்குப் போறார். பெரிய வாசல். வாசல்காரர் பெரிய புத்தகத்தோட நிக்கறார். பின்னாடி ரொம்ப நீளமா வரிசை. நம்மாளுக்கு நடுங்குது. சின்ன வயசுல சைக்கிள் திருடினது, பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னது எல்லாம் ஞாபகம் வருது. வாசல்காரர் புத்தகத்தத் திறக்கறார், கண்ணாடியப் போட்டுக்கறார், நம்மாள நல்லாப் பாக்கறார்…" கிரெட்டா கெஸ்லரை நல்லாப் பார்த்தாள். "'ஹைஸ்கூல் எங்க படிச்சீங்க?'ன்னு கேக்கறார்."

கெஸ்லரின் முகம் அசையவில்லை.

"இன்னும் முடியல. நம்மாள் 'பாதிரிமார் பள்ளி'ங்கறார். 'அடடே! அப்ப உங்களுக்குப் பேக்கரிக்காரர் தங்கச்சியத் தெரிஞ்சிருக்கணுமே'ன்னு வாசல்காரர் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். பின்னாடி வரிசை இன்னிக்கு வரைக்கும் நின்னுட்டிருக்கு."

கெஸ்லர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"பாதிரிமார் பள்ளின்னு யார் சொன்னா?"

"ஃபிராங்க்தான். உங்களைப் பாத்தா அப்படித்தான் இருக்கும்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்க ஸ்கூல் பேரப் போடணும்னு அப்பா சொன்னார். நீங்க ஆப்பிள் தோட்டத்துக்கு வரலியே, உங்கள எப்படிக் கேக்கறது?"

"தப்பு. நான் ஹைஸ்கூல் பக்கமே போகல. பதினஞ்சு வயசுல செருப்பு ஃபாக்டரிக்குப் போயிட்டேன்." கையைக் கதவில் ஊன்றிக்கொண்டார். "இப்ப சொல்லு. எங்கிட்ட அந்தக் கேள்விய கேட்டா நான் என்ன சொல்றது? எங்கேயும் படிக்கலன்னுதான் சொல்வேன். அப்ப அந்த ஆள் என்ன பண்ணுவான்?"

கிரெட்டா டைரக்டரியைப் பார்த்தாள், அதில் எழுதியிருக்கிற மாதிரி. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாசல்காரருக்கு… ஒண்ணும் புரியல" என்றாள் கிரெட்டா மெதுவாக. "புத்தகத்தப் பெரட்டிப் பெரட்டிப் பாக்கறார். அடுத்த கேள்வி அதுல இல்ல. சரி போங்கன்னு உள்ள விட்டுட்டார். அதப் பாத்துட்டு…" கண் பளிச்சிட்டது. "பின்னாடி வரிசைல நிக்கற அத்தனை பேரும் 'நானும் படிக்கல! நானும் படிக்கல!'ன்னு கத்தறாங்க. அதுல நம்ம மேயர், ரெண்டு டாக்டர், ஒரு ஹெட்மாஸ்டர்!"

கெஸ்லரின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் இல்லை. அவர் திரும்பி உள்ளே போனார். சாக்லேட் கட்டியை எடுத்துக்கொண்டு வந்து, விளக்குக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பின்பக்கத்தைப் படித்தார்.

"தேதி முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு" என்றார். "இதக் குடுத்தா உங்கம்மா எம்மேல கேஸ் போடுவா. பல் ஆஸ்பத்திரிக்காரி வேற." டாஃபி டப்பாவைத் திறந்து ஒன்று போட்டார். யோசித்து இன்னொன்று போட்டார். "கடைசில சொன்னியே, அது அப்பா சொன்னதா?"

"இல்ல. நான்."

"அதான பாத்தேன். உங்கப்பன் முடிவு எப்பவும் வீக்கு. அடுத்த வருஷம் புதுக் கட்டி வாங்கி வைக்கிறேன். வா."

கதவைச் சாத்திவிட்டார். சாக்லேட் கட்டி ஒரே ஒன்றுதான் என்று ஜோயல் சொன்னது சரி என்பது மட்டும் நிச்சயமாயிற்று.

கிரெட்டா படிகளை இரண்டிரண்டாக இறங்கினாள். கொரின் குரூப்பில், "நான் எழுதியது தப்பு. அவளிடம் ஜோக் இருக்கிறது. தயவுசெய்து கேளுங்கள், விடாதீர்கள்" என்று தட்டினாள். பிறகு இருவரும் வந்த வழியே திரும்பி ஓடினார்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் பார்த்தால் சிரிக்கிற குலுங்கல் ஓட்டத்தில் கொரினும், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிரெட்டாவும்.

ஃபிராங்க் வீட்டில் கிரெட்டா முதலில் பையிலிருந்து அள்ளி அவருடைய கிண்ணத்தில் திருப்பிப் போட்டாள். "இது இன்னும் என்னுது இல்ல. மொதல்ல கேளுங்க."

ஃபிராங்க் கொரினைப் பார்த்தார். கொரின் தலையாட்டினாள். "ஓய் தாடி! சரக்கு இருந்தா எடு, இல்லன்னா இடத்தக் காலி பண்ணு!" என்று அவர் கரண்டியைத் தூக்கியதும் கிரெட்டாவின் முகம் மலர்ந்ததைக் கொரின் பார்த்தாள். செத்துப் போயிட்டார் என்கிற இடத்தில் ஃபிராங்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. கிரெட்டா நிறுத்தி, "இங்க அழக் கூடாது. சிரிக்கிற இடம் இன்னும் வரல" என்று கண்டித்தாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்த இடத்தில் சரியாகச் சிரித்தார். பிறகு, "என் ஸ்கூல்ல பேக்கரிக்காரர் தங்கச்சி ஒருத்தி நிஜமாவே இருந்தா" என்று ஆரம்பித்தார். நிறுத்துவது பெரும்பாடாக இருந்தது.

செனாடா மெசேஜைப் பார்த்துவிட்டு வாசலிலேயே காத்திருந்தாள். "என்னை மன்னிச்சுக்கோ. நான் கேட்டிருக்கணும்" என்றாள் சின்னவளிடம், பெரியவளிடம் பேசுகிற மாதிரி. கிரெட்டா சொன்னாள். வாசல்காரர் கேட்கிறார், நம்மாள், "துஸ்லா ஊர் ஹைஸ்கூல்" என்கிறாள். "துஸ்லாவா! அடடே, அப்ப உங்களுக்குக் கணக்கு வாத்தியார் பொண்ணத் தெரிஞ்சிருக்கணுமே!" என்று வாசல்காரர் நாற்காலியை இழுக்கிறார்.

செனாடா சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொரின், முப்பது வருஷமா இந்த ஊர்ல எல்லாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டிருக்காங்க. துஸ்லான்னதும் அவங்க முகம் அப்படியே நின்னு போயிடும். அடுத்த வார்த்தை வராது. இன்னிக்குத்தான் ஒருத்தர் 'அவளத் தெரியுமா'ன்னு கேட்டிருக்கார்." கண்ணைத் துடைத்தாள். "நெஜமாவே தெரியும். கணக்கு வாத்தியாருக்கு ஒரு பொண்ணு இருந்தா."

மீதி வீடுகளையும் முடித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை, அவர் வெளியூர்க்காரர், இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இரண்டு பேர் அழுதார்கள், கண்டிக்கப்பட்டார்கள். எட்டாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது தங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். படியில் வைத்த கிண்ணம் காலி. அட்டையையும் யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"நீ உள்ள போ" என்றாள் கிரெட்டா.

"எதுக்கு?"

"போம்மா. கதவச் சாத்து."

கொரின் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மணி அடித்தது. திறந்தாள். விளக்கடியில் தாடியும் டைரக்டரியுமாக வாசல்காரர் நின்றார்.

இனி எந்த வாசலிலும் கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தது கொரினுக்கு. "ஜோக் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நம்ம ஊர்ல ஒரு அம்மா செத்துப் போயிட்டாங்க. ரொம்ப வயசாகி. ரொம்ப ரொம்ப வயசாகி." அதை அழுத்திச் சொன்னாள். "மேலே போறாங்க. பெரிய வாசல். வாசல்காரர், 'ஹைஸ்கூல் எங்க படிச்சீங்க?'ங்கறார். இவங்க, 'ஹார்ட்விக்'ங்கறாங்க."

கொரினும் ஜோயலும் படித்தது ஹார்ட்விக். அவன் இரண்டு வகுப்பு மேலே.

"வாசல்காரர் புத்தகத்த மூடிட்டு, 'அய்யய்யோ, ஹார்ட்விக்கா!'ன்னு தலைல கை வைக்கறார். 'அந்த ஸ்கூல்காரர் ஒருத்தர் முன்னாடியே வந்துட்டார்மா. வந்த அன்னிக்கே வாசல் கதவு கிரீச்சுங்குதுன்னு கழட்டிட்டார். இன்னும் திருப்பி மாட்டல. கதவு அங்க ஓரமா சாத்தி வச்சிருக்கு. திருகாணியெல்லாம் ஒரு கிண்ணத்துல இருக்கு. அதனால நீங்க அவசரப்பட்டு வந்திருக்கவே வேண்டாம். எப்ப வந்தாலும் தொறந்துதான் இருக்கும்.'"

கிரெட்டா டைரக்டரியை மூடினாள். "முடிஞ்சது. மத்த வீட்டுக்கெல்லாம் நான் மாத்திக்கலாம்னார். இந்த வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாதுன்னார்."

கொரின் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மா. சிரிக்கற இடம் போயிடுச்சு."

கொரின் சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தத்தோடு. எதிர் வீட்டில் விளக்கை அணைக்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைப்பழக்கமாக வாசல் மேஜையில் கிண்ணத்தைத் தேடினாள். கிண்ணம் வெளியே, காலியாக. சமையலறையில் கண்ணில் பட்ட ஒரே கிண்ணத்தில் தாழ்ப்பாள்தான் இருந்தது. கிரெட்டா பையைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஜோக் சொன்னால் கிடைத்தாக வேண்டும்.

கொரின் உள்ளே போய் அலமாரியைத் திறந்து பெட்டியைக் கிழித்து, ஒன்றை எடுத்து வந்து பையில் போட்டாள்.

கிரெட்டா பைக்குள் எட்டிப் பார்த்தாள். "டூத் பிரஷ்ஷா?"

"இருக்கறது அதான்."

"முட்டையடி விழும், தெரியுமில்ல?"

"விழட்டும்" என்றாள் கொரின். "உள்ள வா. பசிக்குது." மணி எட்டு அடித்ததும் வாசல் விளக்கை அணைத்தாள்.